ஒல்விதோவுக்கு ஒரு வாக்கியம்

காலையில் எழுகிறேன். கடிகாரத்தில் ஜப்பானியர் வைத்த தோக்கியோ நேரம். வெளியே இன்னும் விடிந்திருக்காது. மரவள்ளிக்கிழங்கை அடுப்பில் வைக்கிறேன். அது வேகும்வரை ஒரு ஸ்பானியச் சொல் படிக்கிறேன். அவர்கள் வந்ததும் எங்கள் ரயில்வே அலுவலகத்தை விட்டு ஓடிய வெள்ளைக்காரர் ஒருவரின் புத்தகம் அது. அந்த மொழியில் எனக்கு யாரையும் தெரியாது. அதனால்தான் படிக்கிறேன். பிறகு கிழங்கில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறேன். என் மனைவி தங்கமணி இறந்து நான்கு மாதம் ஆகிறது.

இன்றைய சொல் ஒல்விதோ. மறதி. ஒன்று தானாக ஒல்விதோவில் விழலாம். ஒருவர் வேண்டுமென்றே அதில் எறியவும் செய்யலாம் என்றது புத்தகம். ஒரு வாக்கியம் எழுதிப் பழகு என்றது. எழுதினேன்: அய்யாவு மாத்திரையை ஒல்விதோவில் எறிந்தான்.

அய்யாவு பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு. கிள்ளான் ரயிலில் கார்டு. தங்கமணிக்கு உடன்பிறந்தவர் இல்லை. எங்கள் கல்யாணத்தில் அவள் கையில் பொரியிட்டு அண்ணன் முறை செய்தவன் அவன்தான். அவளுக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டபோது, கிள்ளானில் தெரிந்த கம்பவுண்டரிடம் கொயினா மாத்திரை வாங்கிவரச் சொல்லி அவனை அனுப்பினேன். மாலையில் வாசலில் நின்று, "மறந்துட்டேன் மச்சான்" என்றான். மறுநாள் விடியுமுன் அவள் போய்விட்டாள். அதன்பின் நான் அவனிடம் பேசவில்லை.

இன்று அந்தக் கம்பவுண்டர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். அய்யாவுவிடம் கொடுத்தனுப்பிய ஆறு மாத்திரையும் வேலை செய்ததா என்று விசாரித்தார்.

நேராக அய்யாவு வீட்டுக்குப் போனேன். அவன் மகள் வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே போகச் சொன்னான்.

"வாங்கினேன் மச்சான். நேரா உன் வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். நீ வேலையில இருந்த. என் பிள்ளைக்கும் அப்ப காய்ச்சல். தங்கச்சி என் கையைப் பிடிச்சு மூடிட்டா. அத்தைன்னு எனக்கு ஒரு முறை இருக்கு, முதல்ல பிள்ளைக்குக் கொடுங்கன்னா. மறந்துட்டேன்னு சொல்லச் சொன்னதும் அவதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றேன்.

"கேட்டா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அது அவனுக்கும் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து வாக்கியத்தைக் கோடிட்டு அடித்தேன். எறிந்தவர்கள் இரண்டு பேர். நான்கு மாதமாக ஒருவனை மட்டும் வெறுத்திருக்கிறேன்.

அவன் மறந்துட்டேன் என்ற அன்று மாலை தங்கமணியின் கட்டிலருகே நின்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அதன்பின் பேசவில்லை.

"பாவம், வேலை அலைச்சல்ல மறந்திருப்பாரு. விடுங்க."