விழாதவர்களின் இல்லம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, ஒரு தர அறிக்கையில் எழுத முடியாமல் போன மிச்சம். முதியோர் இல்லத்து மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "ஆய்வுக்கு வர்றாங்க சார், நாலு வரி நல்லா எழுதிக் குடுங்க" என்றார். வரவேற்பறையில் ஒரு பலகை: 'யாரும் கீழே விழாத 211 நாட்கள்.' அசந்துபோனேன். அப்புறம்தான் கவனித்தேன், அங்கே யாரும் நடப்பதே இல்லை.

2

தொடக்கம்: மாலை வெயில் ஜன்னல் வழியே மெல்ல—

(வேண்டாம். பாதுகாப்புக்காக ஜன்னலை ஆணியடித்து மூடியிருந்தார்கள்.)

மறுபடி: முப்பத்தைந்து வருடம் தெருத்தெருவாக நடந்த தபால்காரர் நாற்காலியில் இருந்தார். இடுப்பில் பட்டை. அதற்கு 'ஆதரவுப் பட்டை' என்று பெயர். விதிப்படி கட்டிப்போடத்தானே தடை? ஆதரவு தரத் தடையில்லையே!

அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் மேலாளரிடம் போய் நின்றாள்.

"சார், இன்னும் ரெண்டு வாரம் இப்படியே உக்கார வச்சா அவருக்குக் கால் விளங்காமப் போயிடும். தினம் பத்தடியாவது நடக்க விடுங்க."

"கால் போனா அது வயசும்மா. விழுந்தா அது நம்ம தப்பு."

(இவ்வளவு கச்சிதமாக எனக்கு வசனம் எழுத வராது.)

3

மேலாளரைக் கொடுமைக்காரராக்கிவிடலாம் என்று பார்த்தேன். போன வருடம் ஒரு அம்மாள் விழுந்து இடுப்பு முறிந்தபோது, படியில் உட்கார்ந்து அழுதவர் அவர். மனுஷன் நல்லவராகவும் இருந்து தொலைக்கிறார், என்ன செய்ய?

4

ஆய்வு நாள்.

"விழுந்தவங்க?"

"ஒருத்தர்கூட இல்ல மேடம்."

ஆய்வாளர் டிக் போட்டார். நடக்கிறவர்கள் எத்தனை பேர் என்று படிவத்தில் கேள்வியே கிடையாது. பேனாவை மூடினார்.

"ஏம்மா, இதக் கொஞ்சம் அவுத்து விடேன்" என்றார் தபால்காரர்.

நர்ஸ் மேலாளரைப் பார்த்தாள். வேண்டாம் என்று மேலாளர் கண்ணாலேயே கெஞ்சினார். வேலை போனால் போகட்டும், அவள் அவிழ்த்துவிட்டாள். தபால்காரர் எழுந்தார். முழங்கால் வெடவெடவென்று ஆடியது. அவள் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா. நானே போறேன்."

5

முடிவு ஒன்று: வாசல்வரை நடக்கிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். (சே, விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

முடிவு இரண்டு: விழுகிறார். நர்ஸுக்கு வேலை— (எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.)

பேசாமல் இங்கேயே நிறுத்திவிடலாம். நிறுத்தினால் என் கதையிலும் யாரும் விழவில்லை. மேலாளருக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? வெட்கமாக இருக்கிறது.

நர்ஸை நகரச் சொல்லிவிட்டேன். நீங்கள் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எலும்பும் தோலுமான கை, இன்னும் சூடாக இருக்கிறது. விடச் சொல்கிறார்.