பழைய பதிப்பை விடாதவர்

பெயின்ட் கம்பெனியின் கணினிப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பாளர். மின்னஞ்சலுக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை மாலையோடு பழையது மூடப்படும் என்று மேலிடத்து உத்தரவு. முணுமுணுத்துக்கொண்டே அலுவலகம் முழுக்க மாறிவிட்டது. ஒரே ஒருவர் மட்டும், திரையில் கேள்வி வரும்போதெல்லாம் 'பிறகு' என்ற பொத்தானை அழுத்திக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். சரக்கு அனுப்பும் பிரிவிலிருந்த அவள் கணவர்தான் அது.

"ஊரையே மாத்திட்டீங்க, வீட்டுக்காரரை மாத்த முடியலையா மேடம்?" என்று கூட வேலை செய்பவன் வேறு சீண்டினான்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க, சாயங்காலம் தானா பூட்டிக்கும். அப்புறம் லாரி ஆபீசுக்கு எப்படி மெயில் போடுவீங்க?"

"பழசுக்கு என்ன கேடு? நல்லாத்தானே ஓடுது."

"கேடு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் என்ன பயம்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போன தடவை மாத்தினப்ப ஒண்ணு நடந்துச்சு. ரெண்டு எழுத்து அடிச்சா அதுவே பேரை எடுத்துப் போட்டுக்குது இல்ல? மச்சானுக்குப் போட்ட மெயில் மேனேஜருக்குப் போயிடுச்சு."

"எங்க அண்ணனுக்கா? என்னன்னு போட்டீங்க?"

மென்று விழுங்கினார். "அத்தை வந்து ரெண்டு மாசமாச்சே, எப்பக் கிளம்புறாங்கன்னு..."

"எங்க அம்மாவையா!" முறைக்கத்தான் நினைத்தாள். "மேனேஜர் என்ன சொன்னாரு?"

"எனக்குத் தெரியாது, நீங்களே கேட்டுப் பாருங்கன்னு பதில் போட்டாரு."

அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவர் முகத்தில் அசடு வழிந்தது. இத்தனை காலம் இதை வெளியில் சொல்லாமல் புழுங்கியிருக்கிறாரே என்று பாவமாகவும் இருந்தது.

புதிய பதிப்பை ஏற்றியதும், பேரைத் தானாக நிரப்பும் வசதியைத்தான் முதலில் அணைத்தாள். அனுப்பிய மெயில் அரை நிமிடம் காத்திருந்து போகும்படி வைத்து, அதற்குள் எப்படி நிறுத்துவது என்றும் காட்டினாள். அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அவள் முகவரியை அடித்தார். அனுப்பினார், நிறுத்தினார், மறுபடி அனுப்பினார்.

"பரவாயில்லையே! இது அன்னிக்கே இருந்திருந்தா என் மானம் தப்பிச்சிருக்கும்."

அடுத்த வாரம், பழைய மெயிலெல்லாம் எங்கே போய்த் தொலைந்தன என்று கிடங்குக் கண்காணிப்பாளர் புலம்பியபோது, அவள் கணவரே எழுந்துபோய் இடத்தைக் காட்டினார். முகவரியை முழுசாக அடிப்பதால் அவர் மெயில்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் போகின்றன. லாரிகள் நேரத்துக்குக் கிளம்பிவிடுகின்றன.