மூன்றாவது நிறுத்தம்

கட்டில் தெருவில் தலைகீழாகக் கிடந்தது, நான்கு கால்களும் வெயிலைப் பார்த்தபடி, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் காசிம் அண்ணன், பக்கவாதத்தில் விழுந்துவிட்ட வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பூட்டுப் போட்ட தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்துக்கொண்டிருக்கிறார், கண்ணை மூடினால் முத்தியாலுப்பேட்டையின் அந்தத் தெருவில் இன்னும் அப்படியேதான் இருக்கிறார், அவரை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தவன் நான்.

பழைய தெருக்களில் மக்கள் நடந்து பார்க்க வழி அமைப்பது என் தொழில், எந்தச் சந்தில் நுழைவது, எங்கே நின்று பேசுவது, எங்கே கால் சோரும், எல்லாவற்றையும் நானே நடந்து பார்த்து முடிவு செய்வேன், ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம் அந்தத் தெருவில் நிழல் தேடி அலைகிறேன், காசிம் அண்ணனின் மனைவி சுலைகா அக்கா கதவைத் திறக்கிறாள், இன்னா தம்பி, தெருவையே அளக்குறீங்க, உள்ள வாங்க, வெயிலு மண்டையப் பொளக்குது, உள்ளே போனேன், போயிருக்கக் கூடாது, வானம் திறந்த முற்றம், சுற்றிலும் கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத தேக்குத் தூண்கள், ஞாயித்துக்கிழமை பத்துப் பேரைக் கூட்டிட்டு வரட்டுமாக்கா என்றேன், வாங்களேன், இவருக்கும் பேச்சுத்துணையா இருக்கும் என்றாள், அங்கேயே தரையில் உட்கார்ந்து வரைபடத்தில் மூன்றாவது நிறுத்தம் என்று குறித்தேன், நாங்க வாடகைக்குத்தான் இருக்கோம், வீட்டுக்காரரு வெளிநாட்டுல, இப்புடி ஒரு வீடு இருக்குறதையே மறந்துட்டாரு என்று அவள் சிரித்ததை, அடுத்த ஞாயிறு சொல்வதற்கு ஒரு சுவையான செய்தியாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பத்துப் பேர் முப்பது பேரானார்கள், காசிம் அண்ணன் குழறும் நாக்கால் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கதைகளைச் சொன்னார், பத்திரிகையில் முற்றத்தின் படம் வந்தது, பிறகு அந்த ஞாயிறு, எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் மாறாத ஞாயிறு, சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் தூணைத் தட்டிப் பார்த்து, இதை ஓட்டலா மாத்தினா நல்லா வருமா சார் என்று கேட்கிறார், நிச்சயமா சார், இந்த மாதிரி வீடு இந்தப் பக்கத்துலயே இல்ல என்கிறேன், என் வாயால், அக்காவை அருகில் வைத்துக்கொண்டு, அவர்தான் வீட்டுக்காரர் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது, வாடகை வாங்கக்கூட அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை, இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

அலுவலகம் அலுவலகமாக ஏறினேன், வரைபடத்தை நீட்டினேன், இது பழமையான வீடு சார், தொடக் கூடாது என்று கெஞ்சினேன், வீட்டைத் தொடலியே சார், தூணெல்லாம் அப்படியேதான இருக்கப்போவுது என்றார் ஓர் அதிகாரி, சரியாகத்தான் சொன்னார், அத்தனை வருடமும் என் குறிப்பேட்டிலும் தூண்களைத்தான் எழுதியிருந்தேன், வழக்கும் நிற்கவில்லை, போலீஸ் வந்து நின்றது, கட்டில் தெருவுக்கு வந்தது.

ஊருக்கு வெளியே நான்காவது மாடியில் ஓர் அறை கிடைத்தது, லிஃப்ட் கிடையாது, காசிம் அண்ணனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள், நான்கு மாதம் கழித்து இறக்கினார்கள், ஜனாஸாவாக, எனக்கு யாரும் சொல்லவில்லை, அந்த வீட்டில் இப்போது ஓட்டல் நடத்துபவர் போன் செய்தபோதுதான் தெரிந்தது, அந்த வயசானவரு தவறிட்டாராமே, சரி சார், மூணாவது ஸ்டாப்ப அப்படியே வெச்சுக்குங்க, வர்றவங்களுக்கு ஜூஸ் நாங்க குடுக்குறோம், போனை வைத்தேன், வழியை அன்றே அழித்தேன், அழித்து என்ன, வீடு அங்கே வெளிச்சம் போட்டுக்கொண்டு நிற்கிறது.

மறுநாள் படியேறினேன், ஒவ்வொரு மாடியிலும் திரும்பிவிடலாம் என்றிருந்தது, கதவைத் தட்டினேன், யாரு, நாந்தாங்கா, கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல், எத்தினி பேரு வந்திருக்கீங்க, நான் மட்டுந்தாங்கா, நான் மட்டும், சங்கிலியை எடுக்காமல் கதவு கையளவு திறந்தது, இடுக்கு வழியே ஒரு தம்ளர் தண்ணீர் வந்தது, நாலு மாடி ஏறி வந்திருக்கீங்க, குடிச்சிட்டுப் போங்க தம்பி, வீட்டுக்குள்ள மட்டும் வராதீங்க, வராந்தாவில் நின்று குடித்தேன், நான்கு மாடிக்கும் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பைக் கேட்காமல் வெறும் தம்ளரை நீட்டினேன், அவள் கை நீண்டு வாங்கிக்கொண்டது, கதவு மூடியது.