பல் படாமல்

என் வீட்டுக்காரர் லாசரஸ் சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டில் கார்கோ வேலை பார்த்தவர். தன் பிடிவாதத்தையும் ஒரு பெட்டியில் போட்டு எங்காவது ஏற்றி அனுப்பியிருக்கலாம். ஸ்ட்ரோக் வந்தபோது கை, கால் எல்லாம் தப்பித்தன. தொண்டைதான் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. தண்ணீரில்கூட மாவு கலந்து கூழாக்கித்தான் குடிக்க வேண்டும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். ஈஸ்டர் பூசையில் மற்றவர்களைப் போல வரிசையில் போய் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை.

விழுங்கப் பயிற்சி கொடுக்கும் நஃபீசா எங்கள் தெம்பனிஸ் வீட்டுக்கே வந்தாள். தங்கமான பெண். நற்கருணை அப்பம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டு, அதே கனத்தில் பிஸ்கட் வாங்கி வந்தாள்.

"நல்லா மென்னுக்கிட்டே இருங்க அங்கிள். மெல்லும்போதே தொண்டை ரெடியாயிடும், அதுவா இறங்கும். வாயில அடக்கி வச்சுக்கிட்டு எப்ப முழுங்கலாம்னு யோசிச்சா அது குழம்பிடும் லா."

இவரும் ஆடு மாதிரி அசைபோட்டார். இறங்கியது. இருமலே இல்லை. டாக்டரும் சரி என்றார். நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஈஸ்டர் அன்று ஃபாதர் அப்பத்தை இவர் நாக்கில் வைத்தார். இருக்கைக்குத் திரும்பியதும் நான் அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. மெல்லுங்கள் என்று காதில் சொன்னேன். உதட்டை இறுக்கிக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சின்ன வயதில் புதுநன்மை வகுப்பில் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அது: அப்பமாக வருவது ஆண்டவர், அவர் மேல் பல் படக்கூடாது, நாக்கிலேயே கரைய வேண்டும். நானும் இத்தனை வயதில் கடித்ததில்லை. பிஸ்கட்டை அவர் பிஸ்கட்டாகத்தான் மென்றிருக்கிறார். மென்றால் பாவமில்லை என்று ஃபாதரே சொல்லியிருப்பார். கேட்டால்தானே!

அப்பம் அண்ணத்தில் ஒட்டி, எச்சிலோடு கரைந்து, போகக்கூடாத வழியில் போய்விட்டது. இருமிப் பார்த்தார், இருமலுக்குப் பலமில்லை. மறுநாளே காய்ச்சல், நெஞ்சில் சளி, ஆஸ்பத்திரி. இனி வாய்வழியாக ஒன்றும் கூடாது என்று மூக்கில் குழாய் போட்டுவிட்டார்கள்.

கொஞ்சம் தெளிந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "பல்லு படல, வெரோ" என்றார், ஏதோ பரிசு வாங்கி வந்தவர் போல. நாலு அறை விடலாம் என்று வந்தது எனக்கு. பாவி மனுஷன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழத்தான் முடிந்தது.

ஃபாதர் வார்டுக்கு வந்தார். இவருக்குக் கொடுக்க முடியாது என்று நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, எனக்கு நன்மை கொடுத்துப் போனார். இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம். யார் மேல் என்று கேட்காதீர்கள். கடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் பார்க்கும்படி, நன்றாக மென்றேன்.

அவர் திட்டவில்லை. என் தாடையோடு சேர்ந்து அவருடைய தாடையும் மெதுவாக அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது, தடையில்லாமல், இருமல் இல்லாமல். நஃபீசா பார்த்திருந்தால் கை தட்டியிருப்பாள். வாயில்தான் ஒன்றுமே இல்லை.