குடிலுக்குக் கொடுத்த கயிறு

மார்கழித் திங்களின் வாடைக்காற்று கடல்நீரேரியின் மேனியைச் சிலிர்க்கச் செய்து, குருநகர்க் கரையில் கவிழ்த்து வைத்த படகுகளின் வயிற்றைத் தடவி, வலை உலராத முற்றங்கள் தோறும் ஈரத்தை இறைத்துவிட்டு, பங்குக் கோயிலின் மணியை எவரும் இழுக்காமலே முனகச் செய்துகொண்டிருந்த மாலைப்பொழுது அது. கதிரவன் என்றொருவன் இருக்கின்றானா என ஐயுறும்படி வானம் பல நாளாய் மூடிக் கிடந்தது. பாலன் பிறப்புப் பெருநாளுக்கு முந்திய அம்மாலையில், வாசகரே, ஊரெல்லாம் மகிழ்வோடு கோயிலை நோக்கி நடக்க, யாகப்பு என்னும் மீனவன் மட்டும் தன் அண்ணனின் முகத்திரையைக் கிழிப்பதற்கென்றே நடந்தான். அவன் தோளில் ஒரு நீலக் கயிறு கிடந்தது.

அக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகுக்காரர் ஒவ்வொருவரும் தத்தம் படகிலிருந்து ஒரு துண்டுக் கயிறு கொணர்ந்து, கோயில் முன்றிலில் எழும் பாலன் குடிலின் கம்பும் ஓலைக் கிடுகும் கட்டுதற்குக் கொடுப்பர். எக்கயிறு எவருடையது என்று ஊரே நின்று பார்த்துப் பேசும். அந்த வழக்கத்தையே யாகப்பு தன் பழிக்குக் கருவியாக்கத் துணிந்திருந்தான்.

கார்த்திகை மழையின்போது, பொறி நின்றுபோன அவன் படகை இக்கயிற்றால் தன் படகோடு பிணைத்து இழுத்து வந்தவன் அவன் உடன்பிறந்த அண்ணன் கிறிஸ்ரோபர். காற்றுச் சீறியெழுந்த வேளையில் இழுவை திடுமெனத் தளர்ந்தது. முன்னே சென்ற படகு திரும்பியும் பாராமல் மழைக்குள் மறைந்தது. அலைமேல் அல்லாடி, மண்டைதீவின் சேற்றில் ஒதுங்கி, அரையுயிராய் அவன் வீடு சேர்ந்தபோது அண்ணன் முற்றத்தில் அழுதுகொண்டு நின்றான்.

"கயிறு அறுந்துபோச்சடா தம்பி, நான் என்ன செய்யிறது?"

இழுபட்டு அறும் கயிறு நார்நாராய்ப் பிரிந்து தும்பாகும். அவன் படகில் எஞ்சிய பாதியின் நுனியோ கத்தி பட்ட வாழைத்தண்டு போல ஒரே சீராய் இருந்தது. கூடப்பிறந்தவனே கைவிட்டான் என்பதனினும், கைவிட்ட பின் அழுதும் காட்டினான் என்பதே அவன் நெஞ்சைச் சுட்டது. அன்று தொட்டு அவன் பூசைக்கும் போகவில்லை.

"அண்டைக்கு மழைக்குள்ளை எவ்வளவு கூப்பிட்டன். அண்ணையும் வெட்டினான், ஆண்டவரும் வெட்டினார்" என்று மனைவி தயாளினியிடம் சீறினான்.

"அப்ப உங்களைக் கரைக்கு ஆர் கொண்டந்து விட்டது?"

"அலை" என்றான் எரிச்சலோடு.

இப்போது கோயில் முகப்பில் ஊரார் தூறலுக்கு ஒதுங்கி நிற்க, குடிலருகே கிறிஸ்ரோபர் தனியே நின்று, காற்றில் ஆடும் கூரையைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தான். யாகப்பு கயிற்றை வீசி எறிந்து ஊரைக் கூப்பிட எண்ணி நெருங்கியவன், அப்படியே நின்றுவிட்டான். எல்லார் கண்ணும் படும் முன்கம்பில், வெட்டுண்ட நுனி வெளியே நீட்டி நிற்க, அக்கயிற்றின் மறுபாதி ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது.

"வெட்டினது நான்தான் தம்பி. என்ரை வள்ளமும் தாழத் துடங்கீற்றுது, பயந்திட்டன். பங்குச் சுவாமியிட்டைச் சொல்லிப்போட்டன், உந்த ஊர்ச் சனத்துக்கும் சொல்லீற்றன். உனக்குச் சொல்லத்தான் வாய் வரேல்லை."

யாகப்புவின் சினம் தணியவில்லை. பழிதீர்க்கும் இன்பத்தையும் அண்ணனே தட்டிப் பறித்துக்கொண்டான் என்று அது இன்னும் பொங்கியது. இத்தனை நாளாய் நெஞ்சில் அடுக்கி வைத்த சொல்லெல்லாம் இனி எதற்கு? அந்நேரம் வாடை ஒருமுறை ஓங்கி அடிக்க, கூரை பாலனின் வெறுந்தொட்டில்மேல் சரிந்தது. கிறிஸ்ரோபர் தன் கயிற்றை மறுகம்புக்கு இழுத்தான். பாதிக் கயிறு எட்டவில்லை.

"எட்டாது, விடு" என்று உறுமிய யாகப்பு, தோளிலிருந்த பாதியை இறக்கினான். "நுனியைப் பிடி அண்ணை."

இரு நுனிகளையும் சேர்த்து இறுக்கி முடிந்தான்.

"மன்னிச்சிட்டன் எண்டு நினையாதை."

"ஓம்" என்றான் கிறிஸ்ரோபர்.

கூரை நின்றது. கரைக்கு ஆர் கொண்டந்து விட்டது என்ற மனைவியின் கேள்வி யாகப்புவின் காதில் மீண்டும் ஒலித்தது. அலை என்று சொல்ல இம்முறை அவனுக்கு நா எழவில்லை. பூசைக்கு மணி ஒலித்தபோது அவன் உள்ளே சென்று கடைசி வரிசையில் அமர்ந்தான்.

முடிச்சிட்ட கயிறு முன்னிருந்த நீளத்தை மீளப் பெறுவதில்லை. வெட்டுண்ட இரு நுனிகளும் அம்முடிச்சின் வெளியே துருத்திக்கொண்டுதான் நின்றன. அந்தக் கூரையின் கீழேதான் அன்றிரவு பாலனைக் கிடத்தினார்கள்.