பெட்டிக்குப் பாடியது

ஊரடங்கின் முதல் மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதும்போது வாய் கசக்கிறது. ஆனாலும் அது உண்மை. கண்டக்குழியில் படகுகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. உல்லாசப் பயணிகளுக்காகக் கட்டிய விடுதிகளின் படலைகளில் பூட்டுத் தொங்கியது. நான் வேலை பார்த்த வாசிகசாலையும் பூட்டிக் கிடந்தது. நானோ வீட்டில் இருந்து கைபேசியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்தெந்த ஊர்க் குழுக்களோ தங்கள் பழைய பதிவுகளையெல்லாம் இலவசமாகத் திறந்து விட்டிருந்தன. கூத்து, பரதம், பொம்மலாட்டம், மொழி விளங்காத இசை நாடகங்கள். பக்கத்தில் இருமுவதற்கு ஆளில்லை, முடிந்ததும் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. நல்ல காட்சி ஒன்று முடிந்தால் அரை மணி நேரம் சும்மா இருப்பேன். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். மனிதர்கள் பேசுவதை விட அவர்கள் நிறுத்துகிற இடம்தான் எனக்கு முக்கியம் என்று ஒரு பெருமை வேறு இருந்தது.

பக்கத்து வளவில் றொபி இருந்தான். இருபத்தேழு வயது. தாய் தகப்பன் இல்லாமல் மாமன் பஸ்தியான் வீட்டில் வளர்ந்தவன். விடுதி ஒன்றில் வேலை செய்தவன், அது மூடியதும் கொழும்பில் இருந்து நடந்த இணையவழி நடிப்பு வகுப்பில் சேர்ந்தான். றொபியின் கைபேசிக்கு வீட்டுக்குள் சிக்னல் அடிக்கடி அறுந்துவிடும், கடற்கரையில்தான் ஒழுங்காக வரும். கவிழ்த்த வள்ளத்தின் முதுகில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஆசிரியை சொன்னபடி கைகளை விரித்து நிற்பான்.

"றொபி, இண்டைக்கு என்ன, மரமா மாடா?" என்று கிழிந்த வலை பொத்துகிறவர்கள் கேட்பார்கள்.

"காத்து மாமா."

"காத்தெண்டா எங்கட பக்கம் கொஞ்சம் வீசு. வேர்க்குது."

அவன் சிரிக்க மாட்டான். அவ்வளவு அக்கறை. அவனுடைய கட்டுரைகளை நான்தான் திருத்திக் கொடுத்தேன், ஆங்கிலப் படிவங்களையும் நான்தான் நிரப்பினேன். கடைசி ஒப்படை, வீட்டுக்குள் ஒரு நிகழ்வு. பத்து நிமிடக் காணொளி. நல்லவை ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைய விழாவில் எல்லோரும் பார்க்க ஒளிபரப்பாகும். முதலாவதாக வருகிறவருக்கு அடுத்த வருடம் கொழும்பில் நேரடிப் பயிற்சியில் ஓர் இடம். றொபிக்கு அந்த இடம் வேண்டும். ஊர் முழுக்க அந்த ஞாயிறைப் பற்றிச் சொல்லியும் விட்டான்.

இரண்டாவது அலையில் பஸ்தியான் போய்ச் சேர்ந்தார். மீன் லொறி ஓட்டியவர், கொழும்புச் சந்தையில் நோய் பிடித்திருக்க வேண்டும். அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள், எட்டாம் நாள் செய்தி வந்தது. உடம்பைப் பெட்டியில் போட்டுச் சீல் வைத்து அங்கேயே எரித்தார்கள். அவருடைய மனைவி பவுலினா அக்காவும் றொபியும் தனிமைப்படுத்தலில் இருந்தார்கள், வாசலில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. நாங்கள் சாப்பாட்டை வேலியில் தொங்கவிட்டு விட்டு வருவோம்.

பவுலினா அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய வெள்ளியன்று எங்கள் கோவிலில் ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையில் இருந்து இறக்கிக் கிடத்திய பிறகு பசாம் என்கிற பாடுகளின் பாட்டைப் பாடுவதில் அவதான் முதற் குரல். மாதாவின் ஒப்பாரியை அவ எடுத்தால் கோவிலே அழும். முடிந்ததும் பின்பக்கம் போய்ப் பிளேன்ரீ குடித்துக்கொண்டு யாருடைய சாரி நல்லதென்று கதைப்பா. வருடா வருடம் இதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். என்னுடைய பிழை அங்கிருந்துதான் தொடங்கியது.

றொபி எனக்குக் காணொளியை அனுப்பினான். மங்கிய அறை. கட்டிலில் ஒரு ஆம்பிளைச் சட்டை, கைகள் இரண்டும் விரித்தபடி. கடலில் போன உடம்பு கரைக்கு வராவிட்டால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் உடுப்பை விரித்து வைத்து அழுவார்கள். சட்டைக்குப் பக்கத்தில் பவுலினா அக்கா, கண் மூடி, பசாம் இராகத்தில் பாடுகிறா. நாலாம் நிமிடத்தில் பாட்டு நிற்கிறது. நாற்பத்தொரு வினாடி ஒன்றுமில்லை. பிறகு திரும்பவும் எடுக்கிறா.

"மாமி எனக்காகச் செஞ்சு தந்தா அண்ணே," என்று எழுதியிருந்தான். "போன பெரிய வெள்ளிக்குக் கோவில் பூட்டு, பாடக் கிடைக்கல்ல தானே."

நான் நம்பினேன். புருஷன் செத்து இரண்டு கிழமையில் ஒரு பெண் மருமகனின் வகுப்புக்காக நடித்துக் கொடுப்பாளா என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளால் முடியும், அவள் பசாம்காரி என்று நினைத்தேன். துக்கம் கலையாவதைப் பற்றி ஏதேதோ வாசித்திருந்தேன், அதுவும் கை கொடுத்தது. சம்மதக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அவன் அதைப் பார்த்துக் கையால் எழுதி, மாமியிடம் கையெழுத்து வாங்கி, வகுப்பின் மூடிய பக்கத்தில் காணொளியோடு ஏற்றினான். என்னையும் அந்தப் பக்கத்தில் சேர்த்திருந்தான், காணொளியின் கீழே நான் ஒரு கருத்தும் எழுதினேன்: "அந்த நாற்பத்தொரு வினாடி மௌனம்தான் இந்த நிகழ்வின் உயிர். பயிற்சி பெற்ற நடிகர்களுக்கே வாய்க்காத இடைவெளி." அதற்குப் பன்னிரண்டு இதயங்கள் விழுந்தன. எண்ணிப் பார்த்தேன் என்பதையும் சொல்லி விடுகிறேன்.

விழாவுக்கு அது தெரிவான செய்தி ஒரு திங்கட்கிழமை வந்தது. அடுத்த நாள் வீட்டு அறிவித்தலைக் கிழித்தார்கள். பவுலினா அக்கா வேலியடிக்கு வந்து, எங்களுடைய சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவித் திருப்பித் தந்தா. ஆள் பாதியாகியிருந்தா.

"ஒண்டுக்கு மட்டும் ஆண்டவருக்கு நன்றி சொல்லணும் தம்பி," என்றா. "நான் பாடினதக் கேட்டுட்டுத்தான் அவர் போனார்."

"எப்பிடி அக்கா?"

"ஆஸ்பத்திரியில ஒரு ஆள் ஃபோனப் பெட்டிக்குப் பக்கத்துல பிடிச்சுக்கொண்டு நிண்டவர். இங்கால றொபி பிடிச்சான். முகம் பாக்க ஏலாது, சீல் வச்சாச்சு எண்டாங்க. சரி, காது இருக்குமே எண்டு நான் பாடினன். சட்டய விரிச்சு வச்சுக்கொண்டு."

நான் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன்.

"நடுவுல கொஞ்சம் நிப்பாட்டினன். அந்தப் பக்கம் ஏதும் சத்தம் வருமா எண்டு. விசர் தானே எனக்கு. செத்த மனுசன் இருமுவாரா? ஆனாலும் காத வச்சுக் கேட்டன்."

வீட்டுக்குள் வந்து என்னுடைய கருத்தை மறுபடி வாசித்தேன். 'வாய்க்காத இடைவெளி.' யாரோ சப்பித் துப்பியதை எடுத்து என் வாயில் வைத்ததைப் போல இருந்தது. வெளியே போய்க் காறித் துப்பினேன். அந்த ருசி போகவில்லை.

றொபியை வள்ளத்தடியில் பிடித்தேன்.

"கோல் வந்தது அண்ணே. பொய்யில்ல," என்றான். "பெட்டியக் காட்டினாங்க, ஒரு பத்து செக்கன். பிறகு லைன் வெட்டிட்டு. மாமி அதுக்குள்ள கண்ண மூடிப் பாடத் தொடங்கிட்டா. நான் என்ன செய்யிற? லைன் இல்ல மாமி, நிப்பாட்டுங்க எண்டு சொல்லுறதா?"

"அதுக்கு ரெக்கோட் போடுறதா?"

"கை போட்டுட்டு."

"கடிதத்துல கையெழுத்து வாங்கினதும் கைதானா?"

"சுகாதார ஆக்கள் கேட்ட ஃபோம் எண்டு சொன்னன்." மணலைக் காலால் கிளறினான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "எழுதித் தந்தது நீங்க. மௌனம் மௌனம் எண்டு புகழ்ந்ததும் நீங்க. கௌசல்யா மிஸ் உங்கட கொமென்ட்ட வாசிச்சுட்டுத்தான் இத எடுத்தா. இப்ப எனக்கு ஏசுறீங்க?"

"ஞாயிற்றுக்கிழமை ஊரே பாக்கும். மாமிக்கு யாராவது காட்டுவாங்க. அந்த நேரம் ஃபோன் ரெக்கோட் தான் பண்ணினது, அந்தப் பக்கம் ஆளே இருக்கல்ல எண்டு அவ விளங்கிக்கொள்ளுவா. அதுக்குப் பிறகு அவவுக்கு என்ன மிச்சம்?"

"எனக்கு மட்டும் என்ன மிச்சம்? திரும்பவும் விடுதியில வெள்ளைக்காரன்ட செருப்பு அடுக்கவா?"

காணொளியை விழாவில் இருந்து எடுக்க மாட்டேன் என்றான். நான் வகுப்பின் ஒருங்கிணைப்பாளர் கௌசல்யாவுக்கு அழைத்தேன். இனிமையான குரல்.

"ஐயோ சேர், உங்கட வரிகளத்தான் அறிமுக உரையில போட்டிருக்கிறம்."

"மிஸ், அந்த அம்மா நடிக்கல்ல. அது உண்மையான ஒப்பாரி. அவவுக்குத் தெரியாம எடுத்தது."

அது அவவைச் சுடும் என்று நினைத்தேன்.

"அப்பிடியெண்டா இன்னும் ஆழமாத்தானே போகுது," என்றா. "நாங்க இதப் பற்றியே ஒரு கலந்துரையாடல் வைக்கலாம். ஒழுக்கமும் அரங்கும் எண்டு. அம்மாவையும் நேரலையில எடுப்பம். நீங்க நெறிப்படுத்துங்களேன்."

அந்தக் குரலில் கெட்டது எதுவும் இல்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது. நானும் போன கிழமை வரை அதே குரலில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். காணொளியை மீளப் பெற வேண்டும் என்று விடாமல் நின்றேன். அப்படியானால் சம்மதம் தந்தவரே ஆங்கிலத்தில் கடிதம் தர வேண்டும், முதற் கடிதத்தில் உள்ள அதே கையெழுத்து, வெள்ளி மாலைக்கு முன்னர் என்றா.

இரண்டு நாள் அந்தக் கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு இருந்தேன். உண்மையைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால், எதைக் காப்பாற்றப் போகிறேனோ அது போய்விடும். நானே கள்ளக் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன், ஒரு கொப்பித் தாளில் முப்பது தடவை. அவவின் எழுத்து வளைகிற மாதிரி என் கை வளையவில்லை.

வெள்ளி காலை போனேன். பவுலினா அக்கா முற்றத்தில் சாளை மீன் உலர்த்திக்கொண்டிருந்தா.

"அக்கா, இன்னுமொரு ஃபோம். மரணப் பதிவுக்காம்."

"எத்தின ஃபோம் தம்பி. உசிரோட இருக்கேக்க அந்த மனுசனுக்கு இவ்வளவு கடுதாசி இருக்கல்ல." கையைச் சாரியில் துடைத்துக்கொண்டு பேனையை வாங்கினா. வாசிக்க முயலவில்லை. கையெழுத்துப் போட்டா. தாளின் ஓரத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது.

றொபி உள்ளே இருந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் வெற்றி மாதிரி ஒன்று இருந்தது; அவன் செய்ததையே நானும் செய்கிறேன் என்பதைப் பார்த்த ஆறுதல். அவனை என்னால் வெறுக்க முடியவில்லை. வெறுப்பெல்லாம் என் பக்கம்தான் செலவாகிக்கொண்டிருந்தது.

நான் எழும்பும்போது அவ கேட்டா:

"அந்தப் பக்கம் ஃபோன் பிடிச்சவர்ட பேர் ஏதும் தெரியுமா தம்பி? றொபியக் கேட்டா மறந்துட்டன் எண்டுறான். ஞாயிறு பூசையில பேர் வாசிச்சு மன்றாட அவருக்கும் ஒரு பூசைக் கருத்துக் குடுக்கணும். அந்த நேரத்துல யாரு அப்பிடி நிப்பா? நோய்க்குப் பயமில்லாம, நான் பாடி முடிக்குமட்டும்."

றொபி உள்ளே திரும்பிப் போனான். பேசாமல் இருப்பதில் எனக்கு இருந்த பழக்கமெல்லாம் அந்த இடத்தில் உதவவில்லை. பேசாமல் நின்றிருந்தால் அவ விளங்கியிருப்பா.

"அர்கம்," என்றேன். வண்ணாத்திவில்லில் இருந்து புத்தகம் எடுக்க வரும் ஒரு வாசகருடைய பெயர். வேறொன்றும் வாயில் வரவில்லை.

"முஸ்லிம் பிள்ளையா?"

"ஓம்."

"ஆண்டவர் அவன நல்லா வைக்கட்டும்," என்று சொல்லி, ஒரு பொலித்தீன் பையில் சாளைக் கருவாடு போட்டு என் கையில் திணித்தா. வாங்கிக்கொண்டேன்.

காணொளியை எடுத்து விட்டார்கள். கௌசல்யா ஒரு கவலை முகக் குறியோடு "உங்கள் தீர்மானத்தை மதிக்கிறோம்" என்று அனுப்பினா. விழா ஞாயிறு பத்து மணிக்கு என்று இருந்தது. அதே நேரம் கோவிலில் பூசை, ஐம்பது பேருக்கு அனுமதி, கதிரைகள் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். றொபி வரவில்லை. பவுலினா அக்கா முன்வரிசையில் கறுப்புச் சாரியோடு இருந்தா.

ஃபாதர் பூசைக் கருத்துகளை வாசித்தார். பஸ்தியானின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. அதற்கு அடுத்ததாக, பஸ்தியானின் கடைசி நேரத்தில் பக்கத்தில் நின்ற சகோதரர் அர்கமின் நல்ல சுகத்துக்காக. முன்வரிசையில் தலை ஒன்று ஆமென்று ஆடியது.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது கோவில்.

முகக்கவசத்துக்குள் என் வாயும் சொன்னது. கருவாட்டு மணம் இன்னும் விரல்களில் இருந்தது.