ராசம்மா மேல் ஊற்றிய வெந்நீர்

2015 தை மாதம் ராசம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். அந்த வாரத்திலிருந்து அவள் மேல் ஊற்றிய வெந்நீர் எல்லாம் தரையைத் தொடுவதற்குள் பனிக்கட்டியானது. தோளில் விழும்போது ஆவி பறக்கும், முழங்காலுக்கு வருமுன் குளிர்ந்துவிடும், பாதத்தில் துண்டு துண்டாய் உதிரும். பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் இதை யாரும் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்தொரு வருடம் ஏழாம் நம்பர் மலையில் மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்தவள். அத்தனை குளிரும் எங்கே போகும், உடம்பில்தானே தங்கும் என்றார்கள். டிஸ்பென்சரியில் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். கினிகத்தேனையிலிருந்து வேனில் மீன் கொண்டுவரும் சிங்கள வியாபாரி மட்டும் சனிக்கிழமைதோறும் குளியலறை வாசலில் வந்து நின்று, "அக்கே, ஐஸ் தியெனவத?" என்று, ஐஸ் இருக்கிறதா எனச் சிங்களத்தில் கேட்பார். ஒரு பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு, பதிலுக்கு அரைக் கிலோ சாளை கொடுத்துவிட்டுப் போவார்.

அவள் புருஷன் அழகுமுத்துவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டோர் என்று தோட்டத்தார் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் மிஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். வருடத்துக்கு வருடம் குளிர் மேலேறி வருவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். முதலில் கால் நகங்கள் நீலமாயின. அடுத்த வருடம் அவள் கையில் வாங்கிய தேநீர் வாய்க்குப் போகுமுன் உறைந்தது. அதற்கும் அடுத்த வருடம் விடியற்காலையில் தலையணையில் வெண்பனி படிந்திருந்தது. நெஞ்சைத் தொட்டுவிட்டால் அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும். அவளை விட்டால் அவருக்கு யார்? இரும்போடு மல்லுக்கட்டியே காலம் போன மனுஷனுக்கு உட்கார்ந்து அழத் தெரியாது. அதனால் ஹீட்டர் செய்தார்.

முன்பெல்லாம் ஆறு வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்துக்குப் பின்னால் மூன்று கல்லின் மேல் ஒரு தகர டிரம்தான். கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை, அந்த மிலாறைப் போட்டு எரித்தால் ஆறு வீட்டுக்கும் வெந்நீர். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் தேய்த்தபடி, ஒருத்தி முதுகுக்கு ஒருத்தி ஊற்றிக்கொள்வார்கள். அது சுகமான காலம் என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் புகை வாசம் வந்தால் இன்றும் திரும்பிப் பார்க்கத்தான் தோன்றுகிறது. அழகுமுத்து முதலில் அடுப்புக்குள் செம்புக் குழாயைச் சுருட்டி வைத்து, தண்ணீர் தானாகச் சூடேறிக் குளியலறைக்கு வரும்படி செய்தார். அது போதாமல் கரண்ட் கம்பி போட்டார். கொழும்பில் வேலை செய்த மகள் ஜெயந்தினி சுவரில் மாட்டும் புதுமாதிரி ஹீட்டர் ஒன்றை அனுப்பினாள். திருகினால் உடனே கொதிக்கும். அதையும் பிரித்து, உள்ளே இன்னொரு கம்பி சேர்த்து, தொட்டிக்குச் சணல் சாக்கும் தோட்டத்துக் கம்பளியும் சுற்றினார். மின்வெட்டு வந்த 2022இல் லயத்துக் கூரையில் கண்ணாடிக் குழாய்களை அடுக்கி வெயிலைப் பிடித்தார். மூடுபனி வெயிலை மறைத்ததால் இன்னும் மூன்று வரிசை அடுக்கினார். தண்ணீர் கையை வைக்க முடியாத சூட்டில் வந்தது. பனிக்கட்டி அம்மிக்கல் அளவுக்கு விழுந்தது.

"எனக்குச் சூடு ஒன்னுந் தெரியலைங்க. விட்ருங்க. ஒங்க ஒடம்புதான் கெட்டுப் போகுது," என்றாள் ராசம்மா.

"சும்மா இரு புள்ள. அடுத்தது சரியா வரும்," என்றார் அவர்.

அழகுமுத்து ஓய்வு பெற ஐந்து மாதமே இருந்த 2023 ஆடியில் ஒருநாள், ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியின் காற்றாடி நின்றுபோனது. லொறி காத்திருந்த அவசரத்தில் பாதி வாடிய கொழுந்தை அரைத்து, அடுப்புச் சூட்டை ஏற்றி அவசரமாய் உலர்த்தி இறக்கிவிட்டார்கள். தேயிலை பார்வைக்குக் கறுகறுவென்று மொறுமொறுப்பாக வந்தது. டீமேக்கர் வியாகுலம் ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டுத் தரையில் வீசினார்.

"மேல காஞ்சு உள்ள ஈரம். பதமா வாட்டாம சூட்ட ஏத்துனா ஈரம் உள்ளயே பூட்டிக்கிரும்னு எத்தன தடவ சொல்றது?"

திட்டு வேறு யாருக்கோ. குறுகிப்போய் நின்றவர் அழகுமுத்து. எட்டு வருடமாகத் தன் பெண்சாதிக்கு அவர் செய்துவந்ததும் இதுதான். ஒவ்வொரு ஹீட்டராலும் அவளுக்குள் குளிரை வைத்துப் பூட்டியிருக்கிறார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தார்.

அந்த வாரம் முழுக்க ஹீட்டரைத் திருப்பிச் செய்தார். சூட்டைக் கைக்குழந்தை குளிக்கும் அளவுக்கு இறக்கினார். தண்ணீர் நூலாக மட்டும் இறங்கும்படி வாய்க்கு ஒரு திருகு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ராசம்மாவை முக்காலியில் உட்காரவைத்துத் திறந்துவிட்டார். கொழுந்து வாட வேண்டிய பன்னிரண்டு மணி நேரம் என்று கணக்கு. லயத்துப் பெண்கள் முறைவைத்து வந்து கூட இருந்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் அவள் தோள்களிலிருந்து மெல்லிய பனித்தோல் ஒன்று கழன்று, தரைக்கு வந்ததும் உருகியது. அறை முழுக்க 2014இன் மழை வாசம். அடுத்த தோலில் அதற்கு முந்திய வருடம். இப்படி வருடம் வருடமாகக் கழன்றது. மத்தியானம் 2003 உருகியபோது, அவர்களோடு கொழுந்து பறித்து அந்த வருடம் காய்ச்சலில் செத்துப்போன சுகிர்தம் தேயிலை நிரையில் நின்று சிரித்த சிரிப்பு தெளிவாகக் கேட்டது. பெண்கள் தேநீர்க் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அவதான்," என்றாள் ஒருத்தி. மாலையில் கடைசித் தோல், 1984. பதினெட்டு வயசு ராசம்மா முதல்நாள் நனைந்த மழை அது. கொழுந்துத் தராசைப் பழுதுபார்க்கப் போன அழகுமுத்து அவளை முதன்முதலில் பார்த்ததும் அந்த மழையில்தான். அவர் திருகில் வைத்த கையை எடுக்காமல் அழுதார்.

பிறகு மெல்ல ஒரு சுற்று சூட்டை ஏற்றினார்.

"ஐயோ, என்னங்க! சுடுதுங்க!" என்று கத்தினாள் ராசம்மா. "கொஞ்சம் பச்சத்தண்ணி கலந்து விடுங்க!"

அழகுமுத்து பச்சைத்தண்ணீர்க் குழாயைத் தேடினார். இத்தனை வருடத்தில் அதற்கு வேலையே வராததால் எப்போதோ கழற்றி வீசியிருந்தார். அறுபது வயதில் வாளியைத் தூக்கிக்கொண்டு மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கு ஓடினார். அங்கே துணி அலசிக்கொண்டிருந்தவர்கள் எதற்கென்று கேட்கவில்லை, எழுந்து வழிவிட்டார்கள்.